ஸ்டீல் கிட்டார் எடுத்த மூச்சு

ஸ்வின்ஃபோர்ட், மேயோ மாவட்டம், அயர்லாந்து
6 அக்டோபர் 1968

அன்புள்ள டிம்ப்னா,

இங்கே அப்பா, கார்மெல், நான் மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். கார்மெலுக்கு மட்டும் கடைவாய்ப் பல் முளைக்கிறதாம், ஒரு வாரமாக வீடே அவள் கன்னத்தைச் சுற்றி வருகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இனி திட்டலாம்.

நீ படகேறி ஐந்து வாரமாகிறது. வந்தது ஒரே ஒரு தபால் கார்டு, அதிலும் பாதி இடத்தை ஸ்டாம்பு பிடித்துக்கொண்டது. 'வேன் சலிச்சுப் போச்சுக்கா, கொஞ்ச நாள் மனுஷியா இருந்து பாக்கறேன்' என்றாய். சலிக்கத்தான் செய்யும். வாரத்தில் ஐந்து ராத்திரி அந்த வேனில் டிரம்ஸ் பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கினால் யாருக்குத்தான் சலிக்காது? எனக்கும் சலிக்கிறது. நான் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டேனா?

வேன்மேல் இன்னமும் நம் மூன்று பேரையும் சேர்த்து 'ஹெரட்டி த்ரீ' என்றுதான் எழுதியிருக்கிறது. போன சனிக்கிழமை பாலினா டான்ஸ் மண்டபத்தில் நானும் கார்மெலும் மேடையேறினோம். நடுவில் உன் இடத்தை விட்டு, பழையபடி ஒரே மைக்கின் இரண்டு பக்கமும் நின்றோம். கூட்டத்தில் ஒருவன், "மூணாவது எங்கம்மா? வேன்ல தூங்குதா?" என்று கத்தினான். "மகாராணிக்குப் பாட்டுச் சொல்லித் தரப் போயிருக்கா, முடிஞ்சதும் வந்துடுவா" என்றேன். மண்டபமே சிரித்தது. கார்மெல் திரும்பி வரும்போது வேனில் அழுதாள்.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நீ வாய் திறக்காமல் தாழ்ந்த குரலில் எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சுருதி கொடுப்பாயே, இப்போது அதை டிரம்பெட்காரர் கொடுக்கிறார். கப்பல் கிளம்புகிற மாதிரி இருக்கிறது.

டப்ளினில் மிஸ்டர் லாலர் ஜனவரியில் நம் முதல் எல்.பி. ரெகார்டு போட நாள் குறித்துவிட்டார். நீ சளியில் படுத்திருக்கிறாய் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்து டர்கன் கடையில் போன் பக்கத்தில் நிற்பேன். கூப்பிடு. கம்பியில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும், ஆயிரம் பேருக்கு நடுவில் நீ இருமினால்கூட எனக்குத் தெரியும்.

மாதா உன்னைக் காக்கட்டும். அந்த ஊர்க் குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள்.

உன் அக்கா,
அட்ராக்டா


கோவென்ட்ரி
27 அக்டோபர் 1968

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரம்மா மிஸஸ் ப்ரன்டி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். லாங்ஃபோர்டுக்காரர். மூன்று ஞாயிறு நீ டர்கன் கடையில் நின்றிருப்பாய். மன்னித்துக்கொள்.

நான் சுகமாக இருக்கிறேன். லாலரிடம் நீ சொன்னது ஒன்றும் பெரிய பொய் இல்லை, கொஞ்சம் சளி. இந்த ஊர்ப் புகைக்கு எல்லோருக்கும் இருப்பதுதான். கார்மெலின் பல் எப்படி இருக்கிறது? லவங்க எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைக்கச் சொல்.

கார்த் தொழிற்சாலையில் சீட்டுக்கு உறை தைக்கிறேன். எங்கள் பகுதியில் தையல் மிஷின்கள் போடுகிற சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் யாரும் பேசுவதில்லை. கையால் ஜாடை காட்டிக்கொள்வோம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

போன ஞாயிறு கோயில் வாசலில் மேயோக்காரர் ஒருவர், "நீங்க ஹெரட்டி த்ரீல நடுவுல நிக்கறவங்கதானே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

போன் வேண்டாம் அக்கா. இந்த வீட்டு போன் சமையலறை வாசலில் இருக்கிறது, மிஸஸ் ப்ரன்டியும் அங்கேயேதான் இருக்கிறார். எழுதுகிறேன். நீங்கள் ரெகார்டு வேலையைப் பாருங்கள். எனக்காக எதையும் நிறுத்தாதே.

அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? என் அன்பை அவரிடம் சொல்.

டிம்ப்னா


ஸ்வின்ஃபோர்ட்
17 நவம்பர் 1968

அன்புள்ள டிம்ப்னா,

உன் சளி விட்டதா? அப்பா கேட்கச் சொன்னார். அவருடைய முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறதாம். இங்கே எந்த நாள் மழைக்கு முன்னால் இல்லை என்று தெரியவில்லை.

மிஸ்டர் லாலருக்கு உண்மை தெரிந்துவிட்டது. டப்ளினிலிருந்து காரில் வந்து நம் ஒத்திகையைக் கேட்டார். இங்கிலீஷ் ஹிட் பாட்டு ஒன்றை நாங்கள் இரண்டு பேரும் பாடினோம். நீ இல்லாமல் நானும் கார்மெலும் ஒருவர்மேல் ஒருவர் சரிகிறோம், கால் போன முக்காலி மாதிரி. அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "அத்லோன்ல டோலோரஸ்னு ஒரு பொண்ணு இருக்கும்மா. பேரு த்ரீன்னு இருக்கு, மூணு பேரு வேணும்ல?" என்றார். டோலோரஸ் வந்தாள். நல்ல பெண்தான், நம் அம்மாவின் ஜெபமாலையைவிட நீளமான இமைமுடி. பாடினால் வாசல் மணி அடிக்கிற மாதிரி இருந்தது. கார்மெல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டோலோரஸுக்கு டீயும் சோடா ரொட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

கேள், காசில்பாரில் ஒரு விஷயம் நடந்தது. அன்றைக்கு எங்களோடு இன்னொரு பேண்டும் இருந்தது. அதில் ஃபின்டன் என்று ஒரு லீட்ரிம்காரன், மடிமேல் வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டார்க்காரன். நாய்ப் பந்தயத்தைத் தவிர வேறு பேச்சே இல்லாதவன். கோடை முழுக்க நாம் பாடினோமே, அந்த ரயில்வே ஸ்டேஷன் பாட்டு, அதை நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். மேடை ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவன் உன் வரி வருகிற இடத்தில் இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து மெல்ல இழுத்தான். டிம்ப்னா, நான் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ வந்து நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது லாலர், "அமெரிக்கா கன்ட்ரி பாட்டா போட்டுடலாம். ரெண்டு குரல், ஒரு ஸ்டீல், போதும். ஜனங்க அழுதுட்டே ஆடுவாங்க" என்கிறார். குட்டை ஸ்கர்ட்டும் பீட் பாட்டும் என்று இருந்த நாம் கௌபாய்ப் பாட்டுப் பாடுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுப் பசுவையே ஒழுங்கா ஓட்டத் தெரியாது, இதுங்க கௌபாயாம்" என்றார்.

நீ கிறிஸ்துமஸுக்கு வா. வந்தால் இது எதுவும் வேண்டாம். பழையபடி பாடலாம். ரெகார்டு ஜனவரியில்தானே. வருகிறேன் என்று ஒரு வரி எழுது, லாலரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அட்ராக்டா


கோவென்ட்ரி
12 டிசம்பர் 1968

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சளி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஓவர்டைம் இருக்கிறது, படகிலும் இடமில்லை என்கிறார்கள். பார்சலில் அப்பாவுக்குப் புகையிலை, கார்மெலுக்குக் கையுறை, உனக்குத் தலைக்குக் கட்டுகிற பட்டுத் துணி. பிரித்துப் பார்த்துவிட்டு, நிறம் சரியில்லை என்று நீ சொல்வாய். அதையே கட்டிக்கொண்டு பூசைக்கும் போவாய்.

கன்ட்ரி பாட்டுப் போடு அக்கா. முறைக்காதே. கார்மெல் இரண்டாவது சரணத்தில் எப்போதும் சுருதி இறங்கிவிடுவாள், நீ அவளைத் தூக்க மேலே போவாய். நான் நடுவில் இருந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டீல் அதைச் செய்யும். அது நீளமாக நிற்கும், மூச்சு முட்டாது. வேகமான பாட்டெல்லாம் விட்டுவிடு. நிதானமாகப் பாடினால் உங்கள் இரண்டு பேர் குரலும் ரொம்ப அழகு. பக்கத்தில் நின்றவளுக்குத்தான் அது தெரியும்.

டோலோரஸை எடுத்துக்கொள்வதானாலும் எடுத்துக்கொள். நடுவில் மட்டும் நிறுத்தாதே. ஓரத்தில் நிறுத்து.

மிஸஸ் ப்ரன்டி லாங்ஃபோர்டில் தங்கை வீட்டுக்குப் போகிறார். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் நானும் பூனையும் மட்டும். பூனைக்கு என்னோடு பேச விருப்பமில்லை, எனக்கும் அப்படியே. நடுநிசிப் பூசையில் எல்லோரும் பாடும்போது உங்களை நினைத்துக்கொள்வேன்.

டிம்ப்னா


ஸ்வின்ஃபோர்ட்
26 ஜனவரி 1969

அன்புள்ள டிம்ப்னா,

பட்டுத் துணியின் நிறம் சரியில்லை. இரண்டு ஞாயிறு கட்டிக்கொண்டு போனேன். நாங்கள் சுகம். உனக்கு இன்னுமா சளி? அங்கே டாக்டர் என்று ஒருவர் கிடையாதா?

ரெகார்டு முடிந்துவிட்டது. கன்ட்ரிதான். நீ சொன்னதற்காக இல்லை, வேறு வழியில்லை என்பதற்காக. சரி, நீ சொன்னதற்காகவும்தான்.

ஸ்டூடியோவில் இன்ஜினீயர் எங்களை நெருங்கி நிற்கச் சொன்னார். நின்றோம். இரண்டு பேருக்கும் குரலே எழவில்லை. பிறகு நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டதும் பாட்டு வந்தது. "அந்த இடத்துக்கும் தனியா மைக் வைக்கணுமா?" என்று கிண்டல் செய்தார். கார்மெல் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

உன் வரிகளையெல்லாம் ஃபின்டனுக்கு நான்தான் பாடிப்பாடிச் சொல்லிக்கொடுத்தேன், நம் சமையலறையில் வைத்து. எங்கே கீழிருந்து மெல்ல ஏறுவாய், எங்கே இழுப்பாய், எல்லாம். ஸ்டேஷன் பாட்டில் கடைசிச் சரணத்தில் வார்த்தை பாதி இருக்கும்போதே நிறுத்தி ஒரு மூச்சு எடுப்பாயே, வேறு யாரும் எடுக்காத இடத்தில், அதைக்கூட விடவில்லை. ஃபின்டன் சரியாக அந்த இடத்தில் கையைத் தூக்கி மறுபடி வைக்கிறான். இன்ஜினீயர், "கம்பி விட்டுப் போச்சு, திரும்ப எடுக்கலாம்" என்றார். "விட்டுப் போகல. எங்க டிம்ப்னா அங்கதான் மூச்சு எடுப்பா" என்றேன். லாலரும் வந்து சொன்னார். அந்த மூச்சு இல்லையென்றால் நானும் இல்லை என்றேன். அப்படியே இருக்கிறது. அது உன் ஸ்டைல், அதைத் திருத்த இவர்கள் யார்?

பெயரும் 'த்ரீ'தான். ரெகார்டு அட்டைக்கு நம் வயல் கேட்மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். நடுவில் இடம் விட்டிருக்கிறோம். அதில் பசு தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். தவக்காலத்தில் இங்கே எந்த மண்டபமும் திறக்காது, உனக்குத் தெரியும். சாம்பல் புதன் முடிந்ததும் எல்லா பேண்டும் போல நாங்களும் இங்கிலாந்துக்கு வருகிறோம். பேட்ரிக் திருநாள் அன்று கோவென்ட்ரி. உன் ஊர். உன் தெருவிலிருந்து நடந்தே வரலாமாம்.

நீ மேடையேறி ஒரே ஒரு பாட்டுப் பாடு. ஸ்டேஷன் பாட்டு. உனக்குப் பிடிக்கவில்லையென்றால் பிறகு நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், டோலோரஸோ யாரோ, பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நம் மூன்று பேரும் ஒரு மைக்கில் நின்றுவிட்டால் நீ எங்களோடு வேனில் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிறேன் என்று எழுது.

அட்ராக்டா


கோவென்ட்ரி
16 பிப்ரவரி 1969

அன்புள்ள அக்கா,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்தேன், மருந்து கொடுத்திருக்கிறார்.

மண்டபத்துக்கு வருகிறேன். மேடைக்கு வருவேன் என்று சொல்லவில்லை.

பசு விஷயம் கேட்டுச் சிரித்தேன். மிஸஸ் ப்ரன்டி என்னவோ ஏதோ என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

டிம்ப்னா


ஸ்வின்ஃபோர்ட்
23 பிப்ரவரி 1969

அன்புள்ள டிம்ப்னா,

எல்லோரும் சுகம். நேரமில்லை, வேன் கிளம்புகிறது. பார்சலில் இருப்பது உன் கவுன். எங்களுடையது போலவே நீலம், அகன்ற கழுத்து, கார்மெல் தைத்தாள். இடுப்பில் பெரிதாக இருந்தால் அந்த ஊர்ச் சாப்பாட்டின் குற்றம், ஊசி எடுத்து வருகிறேன்.

நீ வருகிறேன் என்றதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் போய் வேனை இரண்டு தடவை கழுவினார்.

அட்ராக்டா


மான்செஸ்டர்
20 மார்ச் 1969

டிம்ப்னா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இன்றைக்கு மனசில்லை. நன்றாகத்தான் இருப்பாய்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் மேயோ. எல்லார் கோட்டிலும் ஊரிலிருந்து தபாலில் வந்த வாடிய ஷாம்ராக் இலை. "எங்க தங்கச்சி இந்த ஊர்லதான் இருக்கா, இன்னிக்கு நம்மகூட பாடப் போறா" என்று நான் மைக்கில் சொல்லிவிட்டேன். சொன்னேன் டிம்ப்னா, முட்டாள் மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஃபின்டன் பாவம், சுருதியைக் கொடுத்துவிட்டான். பாடினோம்.

கடைசி வால்ட்ஸ் நடனம் ஓடும்போதே மேடைக்குப் பின்பக்கமாக இறங்கி, வருகிறவர்கள் கோட்டைக் கொடுத்து வைக்கிற கவுன்டருக்கு ஓடினேன். ஹெரட்டி என்று யாராவது கோட் கொடுத்தார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரே தள்ளுமுள்ளு. அட்ராக்டா, அட்ராக்டா என்று ஆளுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள், எல்லோருக்கும் கையெழுத்துப் போட்ட போட்டோ கார்டு வேண்டும். தொண்டை கட்டிப்போன ஏதோ ஒரு கிழவி என் காதுக்குப் பக்கத்திலேயே விடாமல் கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்தாம்மா, வெச்சுக்கோங்க" என்று தோளுக்குமேல் ஒரு கார்டை நீட்டினேன். பிடுங்கிக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டாள். நான் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தேசிய கீதம் போட்டார்கள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை.

வர விருப்பமில்லையென்றால் வரவில்லை என்று எழுதியிருக்கலாம். ஏன் வருகிறேன் என்றாய்? எங்கள்மேல் உனக்கு என்ன கோபம்? நான் என்ன செய்தேன்?

அட்ராக்டா


ஸ்வின்ஃபோர்ட்
20 ஏப்ரல் 1969

அன்புள்ள டிம்ப்னா,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிற்று. நாங்கள் சுகம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து வரி இல்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் அப்பா கொட்டகைக்குப் போய்விடுகிறார், நான் 'இல்லை' என்று சொல்வதைக் கேட்கக் கூடாதாம்.

ரெகார்டு வந்துவிட்டது. ஒன்று அனுப்பியிருக்கிறேன். நன்றாக விற்கிறதாம். ரேடியோவில் ஸ்டேஷன் பாட்டைப் போடுகிறார்கள். அந்த மூச்சு வருகிற இடத்தில் மண்டபங்களில் விசில் அடிக்கிறார்கள்.

மான்செஸ்டரிலிருந்து நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. பாடு, பாடாதே, ஊருக்கு வா, வராதே. நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அட்ராக்டா


கோவென்ட்ரி
11 மே 1969

அன்புள்ள அக்கா,

நான் சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை இது உண்மை. இதற்கு முன் எழுதியதெல்லாம் பொய்.

போன வருஷம் வசந்தத்தில் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நீங்கள் பார்க்கவில்லை, நான் ஸ்கார்ஃப் கட்டியிருந்தேன். மேயோவிலோ கால்வேயிலோ காட்டினால் மறுநாளே எல்லா மண்டபத்துக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். ரெகார்டுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம், லாலர் ஓடிவிடுவார். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, எடுத்துவிட்டு ஆறு வாரத்தில் உங்களிடம் வந்துவிடலாம் என்றுதான் படகேறினேன். வேன் எனக்குச் சலிக்கவில்லை அக்கா. ஒரு நாளும் சலிக்கவில்லை.

அக்டோபரில் ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கட்டி, குரலுக்குப் போகிற நரம்போடு ஒட்டியிருந்ததாம். அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் செய்தார், அவர்மேல் குறையில்லை. கண் விழித்து நர்ஸிடம் தண்ணீர் கேட்டேன். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. காத்திருந்தால் வரலாம் என்றார்கள். காத்திருந்தேன். பிப்ரவரியில் டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, இனி இவ்வளவுதான் என்றார். பேசலாம். பாட முடியாது. அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். மிஸஸ் ப்ரன்டி பாவம், நான் எழுதிய அளவுக்கு ஒட்டுக்கேட்பவர் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ நடுவில் இடம் விட்டு நின்றுகொண்டிருந்தாய். சொல்லிவிட்டால் அந்த இடத்தை மூடிவிடுவீர்கள் என்று பயந்தேன். மூடத்தான் வேண்டும், அது சரியும்கூட. ஆனால் இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ ஒரு மேடையில் என் அளவுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன். வேறு எதுவும் இல்லை எனக்கு.

அன்றைக்கு நான் வந்தேன் அக்கா. நீல கவுனைக் கோட்டுக்கு உள்ளே போட்டிருந்தேன். இடுப்பில் பெரிதாகத்தான் இருந்தது. கழுத்து அகலம், தழும்பு தெரியும், அதனால் கோட்டைக் கழற்றவில்லை. கதவோரத் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ மைக்கில் என்னைக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் கை தட்டினேன், என்ன செய்வது என்று தெரியாமல்.

கவுன்டருக்கு நீ ஓடி வந்தபோது உன் பின்னாலேயே வந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான். "அட்ராக்டா, நான்தான்" என்றேன். மூன்று நான்கு தடவை சொன்னேன். என்னால் அதற்குமேல் சத்தமாகப் பேச முடியாது. நீ கார்டைக் கொடுத்தாய்.

கோபப்படவில்லை. உன்மேல் என்ன தப்பு? எனக்கே அந்தக் குரல் இன்னும் அடையாளம் தெரிவதில்லை. கார்டு என் முகம் பார்க்கும் கண்ணாடியில் செருகியிருக்கிறது, 'அன்புடன் அட்ராக்டா ஹெரட்டி' என்று. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். உள்ளே தேசிய கீதம் கேட்டது. காசில்பாரில் ஸ்டீல் கிட்டாருக்குத் திரும்பினாயே, அதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

நேற்றுதான் ரெகார்டைக் கேட்டேன். மிஸஸ் ப்ரன்டியின் பாட்டுப் பெட்டியில் போட்டோம். ரொம்ப நன்றாக இருக்கிறது. கார்மெல் இறங்கவில்லை, நீ தூக்கவில்லை. ஸ்டேஷன் பாட்டில் அந்த இடம் வந்ததும் என் கை கழுத்துக்குப் போய்விட்டது. அது ஸ்டைல் இல்லை அக்கா. அதற்குமுன் நான் ஒருநாளும் அங்கே மூச்சு எடுத்ததில்லை. கட்டி அடைத்தது. அதற்கு விசில் அடிக்கிறார்களாமே. மிஸஸ் ப்ரன்டியிடம் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அவர் எழுந்து போய் டீ போட்டார்.

அப்பாவிடம் மெல்லச் சொல். டோலோரஸைக் கூப்பிடு. நடுவில் வேண்டுமானாலும் நிறுத்து.

டிம்ப்னா


ஸ்வின்ஃபோர்ட்
16 மே 1969

என் டிம்ப்னா,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எழுதத் தெரியவில்லை.

உன் கடிதத்தை வாசலிலேயே பிரித்தேன். படித்துவிட்டு வயலுக்குப் போய் அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசு வந்து கையை நக்கியது. கார்மெல் தேடிக்கொண்டு வந்தாள், அவளிடம் கொடுத்தேன். கார்டு கொடுத்த இடம் வந்ததும், "நீ திரும்பவே இல்லையாக்கா?" என்று கேட்டாள். அப்புறம் என்னோடு பேசவில்லை. ராத்திரி என் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் மெல்லச் சொல்லச் சொன்னாய். எனக்கு மெல்லச் சொல்ல எப்போது வந்தது? முழுசாகப் படித்துவிட்டேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்றேன். "கோவென்ட்ரிக்கு எந்தப் படகுன்னு கேட்டுட்டு வரேன்" என்றார். திங்கட்கிழமை கிளம்புகிறார். அவருக்கு வழி தெரியாது, யாரிடமும் கேட்கவும் மாட்டார். ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போ.

நேற்று ராத்திரி டியூமில் பாடினோம். ஸ்டேஷன் பாட்டு இல்லாமல் இப்போது விடமாட்டேன் என்கிறார்கள். அந்த இடம் வந்ததும் ஃபின்டன் கையைத் தூக்கினான். அவனுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதே. என் குரல் நின்றுவிட்டது. அதற்கும் விசில் அடித்தார்கள். பாட்டு முடிந்ததும் அவன் கேட்டான், சொன்னேன். அந்த மூச்சு இல்லாமல் வாசிக்கட்டுமா என்று வேனில் கேட்டான். தெரியாது, டிம்ப்னாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சொல். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

டோலோரஸ் கிடையாது. அவள் பாட்டுக்காகச் சொல்லவில்லை. நடுவில் இடம் விட்டால்தான் எனக்கும் கார்மெலுக்கும் பாட்டு வருகிறது, ஸ்டூடியோவிலேயே பார்த்துவிட்டோம். அது உன் இடம். அதில் நீ பாட வேண்டும் என்று இல்லை.

நான் பெரிய பெருமையாக எழுதினேன், ஆயிரம் பேருக்கு நடுவில் நீ இருமினாலும் தெரியும் என்று. என் காதுக்குப் பக்கத்தில் நின்றாய். கிழவி என்று வேறு எழுதினேன், அதையும் நீ படித்தாய். நான் தேடியது பழைய குரலை. நீ வேறு குரலோடு வந்திருந்தாய், யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் கழுதை. சரி, திட்டவில்லை.

ஞாயிறு பத்து மணிப் பூசை முடிந்து டர்கன் கடையில் போன் பக்கத்தில் நிற்பேன். நீ கூப்பிடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் கேட்கட்டும், கடையில் இருப்பவர்களும் கேட்கட்டும், பரவாயில்லை. ஒன்றும் முக்கியமாகப் பேச வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று சொல். மிஸஸ் ப்ரன்டியின் பூனையைத் திட்டு. கவுன் இடுப்பு எவ்வளவு பெரிதென்று சொல். சில்லறை தீர்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இரு, நான் குறுக்கே பேச மாட்டேன். அடுத்த ஞாயிறும் நிற்பேன், அதற்கடுத்த ஞாயிறும்.

எனக்கு அந்தக் குரல் பழக வேண்டும். இனிமேல் எங்கே நின்று நீ கூப்பிட்டாலும் நான் திரும்ப வேண்டும்.

உன் அக்கா,
அட்ராக்டா